பழைய கேம் புதிய விண்டோஸில் ஓடவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து தெரிந்தவர்கள் வீட்டிலெல்லாம் ஒரே கதைதான். புது மடிக்கணினி வந்திருக்கும், அதில் விண்டோஸ் 11 இருக்கும், சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரிலோ பழைய ஃபுனானிலோ வாங்கிய கேம் சிடிக்கள் பாம் ஷெல்டருக்குள் ஒரு பெட்டியில் கிடக்கும். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஒன்றை எடுத்துப் போட்டால் ஓடாது. "இதெல்லாம் இனிமேல் ஓடாது" என்று பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். பெரும்பாலானவற்றை ஓட வைத்துவிடலாம். ஆனால் கேள்விப்பட்ட எல்லா வழிகளையும் ஒரே மூச்சில் செய்து பார்த்தால் எது சரியாக்கியது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போய்விடும். கேம் எந்த இடத்தில் நிற்கிறது, நிற்கும்போது என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், சரியாகவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தொடங்கும் முன்பு

சிடியின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்தில் வருடக்கணக்காக மூடிக் கிடந்த சிடிக்களில் வெள்ளையாகப் பூஞ்சை படிவதுண்டு. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் விழுந்து படிக்க முடியாமல் போகலாம். படிக்க முடிகிற சிடியை உடனே ஒரு இமேஜ் கோப்பாக, அதாவது முழு சிடியின் ஒரே கோப்பு நகலாக, கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ வகை இமேஜ் கோப்பை விண்டோஸ் 8-க்குப் பிறகு இரட்டைக் கிளிக்கிலேயே டிரைவாகத் திறக்கலாம், தனி மென்பொருள் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம்: 90-களின் கேம்களில் பலவற்றில் பின்னணி இசை சிடியிலேயே ஆடியோ டிராக்காக இருக்கும், ஐஎஸ்ஓ அதை எடுக்காது. கேம் ஓடுகிறது, வெடிச்சத்தம் கேட்கிறது, இசை மட்டும் இல்லை என்றால் காரணம் அநேகமாக இதுதான். அந்த சிடியை பின், க்யூ என்ற இரட்டைக் கோப்பு வடிவத்தில் எடுக்க வேண்டும், திறக்கவும் அந்த வடிவம் தெரிந்த மென்பொருள் வேண்டும்.

அடுத்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கம் போய் சிஸ்டம் டைப் என்ற வரியைப் படியுங்கள். அங்கே ஆர்ம் என்று இருந்தால் (ஸ்னாப்டிராகன் சில்லு உள்ள மடிக்கணினிகள் அப்படி) கீழே சொல்வதில் பாதி பொருந்தும், மீதிக்கு உறுதி சொல்ல முடியாது. சாதாரண இன்டெல், ஏஎம்டி கேம்களை அது பெயர்த்து ஓட்டிவிடும், ஆனால் பழைய டிரைவர் (விண்டோஸுக்குள் சேர்ந்து இயங்கும் துணை மென்பொருள்) எதையும் ஏற்காது. பிள்ளையின் பள்ளி மடிக்கணினியில் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டாம். அதில் பள்ளி போட்டிருக்கும் நிர்வாக மென்பொருளோடு மல்லுக்கட்டினால் அவஸ்தை பிள்ளைக்குத்தான்.

"இந்தச் செயலி உங்கள் கணினியில் ஓடாது" என்று நீலப் பெட்டி வருகிறது

இது 16-பிட் நிரல், அதாவது மிகப் பழைய வகை நிரல். 64-பிட் விண்டோஸுக்கு 16-பிட் நிரலை ஓட்டவே தெரியாது. விண்டோஸ் 10 வரைக்கும் 32-பிட் பதிப்பு என்று ஒன்று இருந்ததால் அதில் சமாளிக்க முடிந்தது, விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது. எனவே விண்டோஸைப் பழைய பதிப்பு போல நடிக்க வைக்கும் கம்பேட்டிபிலிட்டி மோடில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை, அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

கேம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துடையது என்றால் டாஸ்பாக்ஸ் போதும். இலவசம், டாஸ் கணினியையே மென்பொருளாக உருவாக்கிக் கொடுக்கிறது. கேம் இருக்கும் ஃபோல்டரில் உள்ள இஎக்ஸ்இ கோப்பை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் விட்டாலே பல கேம்கள் திறந்துவிடும். வேகம் குறைவாக இருந்தால் கண்ட்ரோலோடு எஃப்12, அதிகமாக இருந்தால் கண்ட்ரோலோடு எஃப்11. மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ட்ரோலோடு எஃப்10. குறிபார்த்துக் கிளிக் செய்து கதை நகர்த்தும் சாகச கேம் என்றால் டாஸ்பாக்ஸைவிட அத்தகைய கேம்களுக்கென்றே உள்ள ஸ்கம்விஎம் என்ற மென்பொருள் நன்றாக இருக்கும்.

குழப்பம் வருவது விண்டோஸ் 95, 98 காலத்து கேம்களில். கேம் 32-பிட்டாகத்தான் இருக்கும், ஆனால் அதை நிறுவும் செட்டப் கோப்பு 16-பிட்டாக இருக்கும். அப்போது பலரும் அப்படித்தான் விற்றார்கள். வாசல் கதவு மட்டும் பூட்டியிருக்கிறது, வீடு நன்றாகத்தான் இருக்கிறது. சிடிக்குள் ஃபோல்டராகவே கேம் கோப்புகள் இருந்தால் அப்படியே கணினிக்கு நகலெடுத்து இஎக்ஸ்இ-ஐத் திறந்து பாருங்கள், ஆச்சரியமாக ஓடும். கோப்புகள் சுருக்கி அடைக்கப்பட்டிருந்தால் வைன்விடிஎம் என்ற இலவச மென்பொருள் 16-பிட் விண்டோஸ் நிரல்களை 64-பிட்டில் ஓட்டித் தரும், அதைக்கொண்டு செட்டப்பை முடித்துவிடலாம்.

செட்டப் "இடம் போதாது" என்கிறது, டிரைவிலோ நூற்றுக்கணக்கான ஜிபி காலி

செட்டப் எழுதியவர் காலி இடத்தை 32-பிட் எண்ணில் கணக்கிட்டிருக்கிறார். அந்த எண்ணுக்குள் அடங்காத அளவு வந்ததும் கணக்கு சுற்றி வந்து சிறிய எண்ணாகவோ கழித்தல் எண்ணாகவோ நிற்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒன்றரை ஜிபி அளவுக்கு ஒரு விஎச்டி (தனி டிரைவ் போலத் தெரியும் கோப்பு) உருவாக்கி, டிரைவ் எழுத்து கொடுத்து, அதில் நிறுவுங்கள். "வீடியோ மெமரி போதாது" என்று 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டைப் பார்த்து ஒரு கேம் சொல்வதும் இதே கணக்குப் பிழைதான். அதற்கு டிஜிவூடூ என்ற கருவியில் மெமரியை 256 எம்பி என்று வைத்தால் கேம் திருப்தியாகிவிடும். அந்தக் கருவி பற்றி கீழே வருகிறது.

ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்கிறது

டிஎல்எல் என்பது நிரல்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு. இருப்பதிலேயே எளிதான பிரச்சினை இது. ஆனால் மக்கள் ஏமாறுவதும் இங்கேதான். காணாமல் போன கோப்பின் பெயரைத் தேடினால் அந்த ஒரு கோப்பை மட்டும் தருவதாகச் சொல்லும் தளங்கள் வரிசையாக வரும். அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள். எந்தப் பதிப்பு, யார் கைபட்டது என்று தெரியாத கோப்பை உங்கள் கணினிக்குள் வைக்கிறீர்கள்.

பெயர் டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கினால் அது கேம்களின் படத்தையும் ஒலியையும் கையாளும் டைரக்ட்எக்ஸைச் சேர்ந்தது; மைக்ரோசாஃப்ட் தளத்தில் டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம், 2010 ஜூன் பதிப்பை எடுத்து நிறுவுங்கள். "என்னிடம் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, 9 எதற்கு?" என்று கேட்பார்கள். 12 என்பது விண்டோஸோடு வருவது. இந்த டி3டிஎக்ஸ்9 கோப்புகள் தனியாக விட்ட துணைக் கோப்புகள், விண்டோஸ் 11-லும் தானாக வராது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது. பெயர் எம்எஸ்விசி என்று தொடங்கினால் அது விஷுவல் சி++ ரன்டைம்: பெயரின் கடைசியில் 100 என்றால் 2010 பதிப்பு, 120 என்றால் 2013, 140 என்றால் 2015-க்குப் பிறகு வந்த பொதுப் பதிப்பு. எக்ஸ்86 (32-பிட்), எக்ஸ்64 (64-பிட்) இரண்டையும் நிறுவுங்கள். கணினி 64-பிட் என்பதால் எக்ஸ்86 வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். கேம் 32-பிட் ஆயிற்றே, அதற்கு எக்ஸ்86-தான் வேண்டும். 7பி என்று முடியும் பிழை எண் வந்தாலும் 32-பிட்டும் 64-பிட்டும் கலந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தனி டிஎல்எல் எடுத்துப் போட்டவர்களுக்கு அடிக்கடி வரும்.

இரட்டைக் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை

மவுஸ் குறி ஒரு நொடி சுழன்று நிற்கும், அவ்வளவுதான். ஒரு செய்தியும் இல்லாததால் எல்லோரையும் சோர்வடையச் செய்வது இதுதான். ஆனால் விண்டோஸ் எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறங்கள், விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். கேமைத் திறந்த அதே நிமிடத்தில் சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் ஃபால்டிங் மாட்யூல் நேம் என்று ஒரு வரி வரும். அதில் இருக்கும் பெயர்தான் உங்களுக்கு வேண்டியது. டிடிரா, டி3டி என்று தொடங்கினால் பிரச்சினை கிராஃபிக்ஸில். என்விஓஜிஎல் என்று தொடங்கினால் என்விடியாவின் ஓப்பன்ஜிஎல் டிரைவர். குவேக் 3 எஞ்சினில் செய்த பழைய கேம்களுக்குப் புதிய கார்டு தன் திறன்களைப் பட்டியலிடும் வரியே நீளம் தாங்காது, என்விடியா கண்ட்ரோல் பேனலில் அந்த கேமுக்கு மட்டும் எக்ஸ்டென்ஷன் லிமிட் என்பதை ஆன் செய்தால் தீரும்.

சிவப்பு வரியே இல்லை என்றால் சிடி பாதுகாப்பை, அதாவது நகல் சிடியில் ஓடாமல் தடுக்கும் சோதனையை, சந்தேகப்படுங்கள். 2000-களின் தொடக்கத்தில் பெட்டியில் விற்ற கேம்களில் ஏராளமானவை சேஃப்டிஸ்க் அல்லது செக்யூரோம் போட்டவை. சேஃப்டிஸ்க் தன் டிரைவர் ஒன்றை விண்டோஸின் மையத்திலேயே ஓட்டியது, அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. விண்டோஸ் 10 தொடக்கத்திலிருந்தே அதை ஏற்கவில்லை, 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு விஸ்டா, 7, 8 பதிப்புகளிலும் அதை நிறுத்தியது. அசல் சிடி கையில் இருந்தும் ஓடாததற்குக் காரணம் இதுதான். காசு கொடுத்து வாங்கியவருக்கு இது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த டிரைவரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் வழிகளைப் பின்பற்றாதீர்கள், கோர் ஐசலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பையும் ஒரு கேமுக்காக அணைக்காதீர்கள். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸும் திறக்கிறீர்கள். நல்ல வழி, வெளியீட்டாளர் பின்னாளில் விட்ட கடைசி பேட்ச்சை (திருத்தக் கோப்பை) தேடுவது. பல நிறுவனங்கள் அதில் சிடி சோதனையை அவர்களே நீக்கியிருக்கிறார்கள். இல்லையென்றால் ஜிஓஜி, ஸ்டீம் ஆகிய ஆன்லைன் கேம் கடைகள் இரண்டிலும் பாருங்கள். தள்ளுபடி நேரத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஸ்டார்கிராஃப்ட் மூலப் பதிப்பை 2017-ல் புதிய விண்டோஸுக்கேற்றபடி திருத்தி இலவசமாகவே விட்டார்கள், அதற்காக சிடியோடு போராடத் தேவையே இல்லை.

இந்த அறிகுறிக்கு இன்னொரு காரணம் டைரக்ட்ப்ளே, பலர் சேர்ந்து விளையாட உதவிய பழைய விண்டோஸ் பகுதி. "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" என்று தேடித் திறந்து, லெகசி காம்போனென்ட்ஸுக்குள் டைரக்ட்ப்ளேவை டிக் செய்யுங்கள். தனி ஆளாக விளையாடும் கேம்கூட அது இல்லாமல் திறக்க மறுக்கும்.

திறக்கிறது, ஆனால் கறுப்புத் திரை, அல்லது நிறமெல்லாம் தப்பு

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, அதாவது 1999-ல் வந்த மூலப் பதிப்பை, அப்படியே நிறுவினால் சில கணினிகளில் புல் ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் வரும். கார்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்தக் கால கேம்கள் ஒரே நேரத்தில் 256 நிறங்களைத்தான் பயன்படுத்தின, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற அட்டவணையை கேமே வைத்திருக்கும். விண்டோஸ் டெஸ்க்டாப்போ வேறு நிரலோ நடுவில் புகுந்து அட்டவணையை மாற்றினால் புல்லுக்கான எண் அப்படியே இருக்கும், ஆனால் அந்த எண்ணில் இப்போது ஊதா இருக்கும்.

முதலில் இஎக்ஸ்இ-யில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 தேர்ந்தெடுங்கள், ரெட்யூஸ்ட் கலர் மோடில் 8-பிட். ஓடினால் சரி. ஓடாவிட்டால் அங்கே மேலும் குடையாமல் ராப்பர் பக்கம் போங்கள். படம் வரைய கேம் பேசும் பழைய மொழியான டைரக்ட்டிராவை இன்றைய கார்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும் சிறு டிஎல்எல் இது. 2டி வியூக கேம்களுக்கு சிஎன்சி டிடிரா, 3டி கேம்களுக்கும் வூடூ என்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்காக எழுதிய கிளைட் கேம்களுக்கும் டிஜிவூடூ 2. இரண்டையும் கேமின் ஃபோல்டருக்குள், இஎக்ஸ்இ இருக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் தூக்கிப் போடாதீர்கள், மற்ற நிரல்களையும் கெடுத்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அந்தக் கோப்பை அழித்தால் போதும், கேம் பழையபடி ஆகிவிடும். நான் இந்த வழியை மற்ற எதையும்விட அதிகம் நம்புவதற்குக் காரணமே அதுதான்.

நிறுவனத்தின் சின்னம் காட்டும் வீடியோவிலேயே உறைந்து நின்றால் கிராஃபிக்ஸ் சரியாகவே இருக்கலாம், அந்த வீடியோவை விரித்துக் காட்டும் கோடெக் விண்டோஸில் இல்லாமல் போயிருக்கும். வீடியோ கோப்பின் பெயரை மாற்றி வைத்தால் பல கேம்கள் அதைத் தாண்டி மெனுவுக்குப் போய்விடும்.

படம் வருகிறது, ஆனால் பாதித் திரை வெட்டுப்பட்டு, மவுஸ் வேறிடத்தில் கிளிக் ஆகிறது என்றால் அதே கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் ஹை டிபிஐ செட்டிங்ஸைத் திறந்து, ஓவர்ரைடு என்பதை டிக் செய்து அப்ளிகேஷன் என்று வையுங்கள். 4கே திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

எல்லாம் ஓட்டமாய் ஓடுகிறது

கதாபாத்திரம் நடக்காமல் பறக்கிறது, கார் தானாகத் துள்ளுகிறது. கேம் தன் கடிகாரத்தை நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற ஃபிரேம் எண்ணிக்கையோடு கட்டி வைத்திருக்கிறது. 60 ஃபிரேமை மனத்தில் வைத்து எழுதியதை 144 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால் அப்படித்தான். கார்டின் கண்ட்ரோல் பேனலிலோ டிஜிவூடூவிலோ ஃபிரேம் வரம்பை 60 என்று வையுங்கள், சில கேம்களுக்கு 30 தேவைப்படும்.

சேவ் செய்தது காணவில்லை

ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவியிருப்பீர்கள். பழைய கேம் தன் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் எழுத முயலும், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அதை அனுமதிப்பதில்லை. அந்தக் கோப்பை ஆப்டேட்டாவின் லோக்கலுக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். அட்மினாக ஒரு நாளும் சாதாரணமாக ஒரு நாளும் திறந்தால் இரண்டு இடத்தில் இரண்டு சேவ். சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் வைத்து எல்லாவற்றையும் அங்கேயே நிறுவுங்கள். பழைய சேவ்களை விர்ச்சுவல்ஸ்டோரிலிருந்து மீட்டுக்கொள்ளலாம், அவை அழிந்திருக்காது.

நேற்று வரை ஓடியது, விண்டோஸ் புதுப்பித்த பிறகு கெட்டுப்போனது

விண்டோஸைத் திட்டுவதற்கு முன் ஒரு உண்மைக் கதை. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் பழைய பிசி பதிப்பில் ஸ்கிம்மர் என்ற நீர் விமானம் காணாமல் போனது. சைலன்ட்பேட்ச் என்ற திருத்தத்தை எழுதுபவர் தோண்டிப் பார்த்து 2025-ல் விளக்கினார். வாகனங்களின் விவரக் கோப்பில் ஸ்கிம்மரின் வரியில் மட்டும் சக்கர அளவு விடுபட்டிருந்தது. அந்த எண் வரவில்லை என்று சோதிக்காமல், நினைவகத்தில் அதற்கு முந்தைய வாகனம் விட்டுச் சென்ற எண்ணையே கேம் எடுத்துக்கொண்டது. இருபது வருடமாக அந்த மிச்ச எண் தற்செயலாகச் சரியாக இருந்தது. புதிய விண்டோஸ் தன் உள்வேலைக்கு அதே நினைவக இடத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அங்கே குப்பை எண் வந்தது, விமானம் போயே போய்விட்டது. தப்பு கேமுடையது, வெளியே தெரியவந்தது இப்போதுதான்.

ஆகையால் இப்படி நேர்ந்தால் முதலில் அந்த கேமுக்கு ரசிகர்கள் எழுதிய திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். கேமின் பெயரோடு விண்டோஸ் பதிப்பு எண்ணையும் சேர்த்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். விண்டோஸைப் பழைய பதிப்புக்குத் திருப்புவது தேவையற்ற வேலை, புதுப்பிப்பையே நிறுத்தி வைப்பது ஆபத்தும்கூட.

லேனில் நண்பர் கணினி தெரியவில்லை

செலிகி ரோடு பார்க்லேனில் லேன் கடையில் உட்கார்ந்தவர்களுக்கு இது நெருக்கமான விஷயம். ரெட் அலர்ட் 2 மாதிரியான கேம்கள் லேனுக்கு (ஒரே இடத்தில் உள்ள கணினிகளின் நெட்வொர்க்) ஐபிஎக்ஸ் என்ற நெறிமுறையைப் பயன்படுத்தின, விஸ்டாவிலிருந்து விண்டோஸில் அது இல்லை. ஐபிஎக்ஸ்ராப்பர் என்ற கருவியின் கோப்புகளை எல்லாக் கணினிகளிலும் கேம் ஃபோல்டருக்குள் வைத்தால் கேம் ஐபிஎக்ஸ் என்று நினைத்து இன்றைய நெட்வொர்க்கிலேயே பேசும். அப்புறம் வீட்டு வைஃபையை விண்டோஸ் பப்ளிக் என்று குறித்திருந்தால் ப்ரைவேட் என்று மாற்றி, ஃபயர்வால் கேட்கும்போது அந்த கேமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலை முழுதாக அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

எதுவும் பலிக்கவில்லை

கேமுக்கு 3டி பெரிதாகத் தேவையில்லை என்றால் கணினிக்குள் இன்னொரு கணினி போல இயங்கும் விர்ச்சுவல் மெஷினில் எக்ஸ்பி நிறுவி அதற்குள் ஓட்டலாம். சேஃப்டிஸ்க் கேம்கள் உங்கள் முதன்மை விண்டோஸைத் தொடாமல் ஓட இது நல்ல வழி, மெஷின் செட்டிங்ஸில் நெட்வொர்க்கை மட்டும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. 3டி கனமாக இருந்தால் வீட்டில் தூங்கும் பழைய எக்ஸ்பி கணினியே மேல். அதையும் வைஃபையோடு இணைக்காமல், கோப்புகளை சிடியில் எழுதிக் கொண்டுபோங்கள். தம்ப் டிரைவில் போட்டால் திரும்ப எடுத்து வரும்போது புதுக் கணினியில் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டுத் திறங்கள்.